வெர்னா ரிவால்வர் விற்கப் போனாள்

எங்கள் பென்சில்வேனியாவில் துப்பாக்கிச் சட்டம் முதலில் நீளத்தைத்தான் பார்க்கும். நீளத் துப்பாக்கி என்றால் அதைப் பழைய நாற்காலி, மேசை விளக்கு, ஓட்டைக் கெட்டில் வரிசையில் சேர்த்துவிடும். யாரும் யாருக்கும் வீட்டு வாசலில் வைத்து விற்கலாம், கைகுலுக்கினால் வியாபாரம் முடிந்தது. அதே துப்பாக்கி குட்டையாகி ஒரு கைக்குள் அடங்கிவிட்டால் சட்டத்துக்கு வியர்த்துக் கொட்டும். விற்பவரும் வாங்குபவரும் லைசென்ஸ் பெற்ற வியாபாரி ஒருவரைத் தேடிப் போய், அவர் முன்னால் நின்று, அவர் கை வழியாகத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்டால், கைத்துப்பாக்கி ஆளைக் கொல்லக்கூடியது என்பார்கள். நீளத் துப்பாக்கிக்கு அந்தக் கெட்ட புத்தி இல்லை போலிருக்கிறது.

இந்தச் சட்டத்தின் அருமை பெருமை எல்லாம் எனக்கு வெர்னா ப்ரெஸ்லர் மூலமாகத்தான் தெரிய வந்தது. வெர்னா என்னோடு பள்ளியில் படித்தவள். பிறகு அதே பள்ளியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, எங்கள் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் கட்டிதட்டிப்போன மக்ரோனியை அள்ளி வைத்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் எமில் ஸ்டோஃப்கோவும் மனைவியை இழந்து தனியாகிப் போனதால் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். எமில் வேலையில்லாதோர் உதவித்தொகை அலுவலகத்தில் கவுன்டருக்குப் பின்னால் ஆயுளைக் கழித்தவர். நல்ல மனிதர். வந்த கொஞ்ச நாளில் அவருக்கு மறதி நோய் ஆரம்பித்தது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் மாதத்தை மறந்தார், கடைசியில் வெர்னாவை மறந்தார்.

ஒரு நாள் காலை வெர்னா கொல்லைப்புறத்தில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். எமில் மேசையில் உட்கார்ந்திருந்தார். கையில் அவருடைய பழைய ரிவால்வர். அது அவளை நோக்கி இருந்தது.

"ஏம்மா, நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டார். "என் தங்கச்சி எங்க? அவ கவுனை நீங்க ஏன் போட்டிருக்கீங்க?"

நான்தான் வெர்னா என்று சொல்லிப் பயனில்லை என்பது அவளுக்குப் பழக்கத்தில் தெரியும். "வெர்னா கடைக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க. அவங்க வர்றதுக்குள்ள அதைக் கீழ வச்சிருங்க, பாத்தா பயந்துருவாங்க" என்றாள். எமிலுக்கு அது நியாயமாகப் பட்டது. துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். வெர்னா துணிகளோடு வெளியே போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக, "அண்ணா, நான் வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தபடி உள்ளே வந்தாள். எமில் சந்தோஷப்பட்டார். ஒரு பொம்பளை வந்திருந்தாள், உன் கவுனைத் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று புகார் சொன்னார். அண்ணன்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. அந்தத் துப்பாக்கி மட்டும் இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

ஒளித்து வைத்துப் பார்த்தாள். புளித்த முட்டைக்கோஸ் ஜாடிக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் சுற்றி. எமில் அதைக் காணோம் என்று அவசர போலீஸுக்குப் போன் செய்துவிட்டார். எங்கள் ஊர் காவல்துறையில் இரண்டு பேர், அதில் ஒருவர் தலைவர். அந்தத் தலைவர் டேரன் விட்மயர் தானே நேரில் வந்து, வீடு முழுக்கச் சோதனை போட்டு, பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக ஒரு திருட்டுச் சொத்தைக் கண்டுபிடித்து, உரியவர் கையில் ஒப்படைத்துவிட்டார். எமிலோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார். வெர்னா அவரைத் தனியாக வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னாள்.

"அவர் யாரையாவது சுட்டாரா மேடம்?" என்று கேட்டார் விட்மயர்.

"இல்ல."

"சுட்டுருவேன்னு மிரட்டினாரா?"

"இல்ல. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு."

"அப்ப என் கை கட்டிக் கெடக்குது மேடம். அவர் ஏதாவது பண்ணட்டும், அடுத்த நிமிஷம் கூப்பிடுங்க. பறந்து வந்துருவேன்."

"நீங்க பறந்து வரும்போது நான் செத்துல்ல கெடப்பேன்?"

"அதைத்தான் சொல்றேன். செத்துட்டீங்கன்னா அது வழக்கு. வழக்குன்னு ஆயிடுச்சுன்னா எனக்கு முழு அதிகாரம் இருக்கு" என்றார் விட்மயர். அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஆகவே விற்றுவிடுவது என்று வெர்னா தீர்மானித்தாள். வீட்டில் எமிலுடைய வேட்டைத் துப்பாக்கிகளும் இருந்தன. ஒரு சனிக்கிழமை வாசலில் மேசை போட்டுப் பழைய சாமான்களைப் பரப்பினாள். எமில் பக்கத்திலேயே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பேரம் பேசினார். ஆசாமிக்கு அன்றைக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு வேட்டைத் துப்பாக்கியை முன்பின் தெரியாத ஒருவன் வாங்கிப்போனான். பெயர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு ரொட்டி சுடும் பெட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். ரொட்டி சுடும் பெட்டிக்குத்தான் ஒயர் சரியில்லை, பார்த்துக்கொள் என்று எச்சரிக்கை செய்து அனுப்பினார்கள். மற்ற இரண்டு வேட்டைத் துப்பாக்கிகளையும் அடுத்த வீட்டு டுவேன் ஃபெட்டரோல்ஃப் வாங்கிக்கொண்டான்.

டுவேன் கட்டைக் குரலும் தங்கமான மனசும் உள்ளவன். வெர்னா அவனிடம் ரிவால்வரையும் நீட்டினாள். அவன் பாம்பைப் பார்த்ததுபோல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அது ஆகாது வெர்னா. இதுக்கெல்லாம் வியாபாரி வேணும். மெர்வின்கிட்டதான் போகணும்."

"இப்பத்தானே ரெண்டு துப்பாக்கி வாங்கினே?"

"அது நீளம். இது குட்டை. சட்டம் தெரியாமப் பேசுறியே" என்று டுவேன் வருத்தப்பட்டான்.

மெர்வின் ஷெல்லன்பெர்கரின் கடைப் பலகையில், புல் வெட்டும் இயந்திரப் பழுது, உயிருள்ள மண்புழு, நோட்டரி, துப்பாக்கிகள் என்று வரிசையாக எழுதியிருக்கும். மற்ற மூன்றுக்கும் அவர் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வருவார். தனியார் ஒருவருக்கொருவர் கைத்துப்பாக்கி விற்கிறார்கள் என்றால் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு கழுத்தில் டை கட்டுவார். தரையில் மஞ்சள் நாடாவால் ஒரு கோடு ஒட்டியிருக்கும். விற்பவர் கோட்டுக்கு இந்தப் பக்கம், வாங்குபவர் அந்தப் பக்கம், நடுவில் மெர்வின். சுவரில் அவருடைய லைசென்ஸ் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கும், அதற்குக் கீழே ஒரு சின்ன விளக்கு எரியும். தொப்பியைக் கழற்றாமல் அதன் முன்னால் நிற்கிறவர்களை மெர்வினுக்குப் பிடிக்காது.

"எல்லாரும் என்னை வியாபாரிங்குறாங்க. நான் வியாபாரி இல்ல" என்று அவர் ஆரம்பித்தார். வெர்னா, எமில், டுவேன் மூன்று பேரும் கோட்டின் அவரவர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். "நான் ஒரு வடிகட்டி. இந்த ஊர்ல ஒரு கைத்துப்பாக்கி தப்பான கைக்குப் போகணும்னா அது என்னைத் தாண்டித்தான் போகணும். போன வருஷம் மட்டும் எத்தனை கைத்துப்பாக்கி என்னைத் தாண்டிப் போச்சு தெரியுமா?"

தப்பான கைக்கா என்று டுவேன் கேட்டான். மெர்வின் அவனை முறைத்துவிட்டு எமிலின் பக்கம் திரும்பினார்.

வெர்னா உண்மையைச் சொல்வதுதான் நல்லது என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனுடைய மறதி, அன்றைக்குக் காலை நடந்தது, முட்டைக்கோஸ் ஜாடி எல்லாம். பிறகு, "எதுக்கு டுவேனுக்குத் தொந்தரவு? நானே அண்ணன்கிட்டேருந்து வாங்கிக்கிட்டு ஆத்துல வீசிடறேனே" என்றாள்.

"உங்க கையில அவர் நேரடியாக் கொடுக்க முடியாது" என்றார் மெர்வின். "பொண்டாட்டிக்குக் கொடுக்கலாம். புருஷனுக்குக் கொடுக்கலாம். அப்பா அம்மாவுக்கு, பிள்ளைக்கு, பேரனுக்கு, தாத்தாவுக்குக் கொடுக்கலாம். அடுப்படியில வச்சே கொடுக்கலாம், நான் தேவையில்ல. கூடப்பிறந்தவங்களுக்கு மட்டும் ஆகாது."

"ஏன் அப்படி?"

"கூடப்பிறந்தவங்க அடிச்சுக்குவாங்கன்னு சட்டம் போட்டவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"புருஷன் பொண்டாட்டி அடிச்சுக்க மாட்டாங்களா?"

மெர்வினுக்கு இரண்டு முறை விவாகரத்து ஆகியிருந்தது. அவர் அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் படிவத்தை எடுத்து டுவேன் முன்னால் வைத்தார்.

படிவத்தில் நீங்கள் தப்பியோடிய குற்றவாளியா என்று ஒரு கேள்வி இருந்தது. டுவேன் நிதானமாக யோசித்து இல்லை என்று குறித்தான்.

"இதுக்கு யாராவது ஆமான்னு போட்டிருக்காங்களா?" என்று வெர்னா கேட்டாள்.

"இதுவரைக்கும் ஒருத்தர்கூட இல்ல" என்றார் மெர்வின் பெருமையாக. "அப்ப பாத்துக்குங்க, இந்தக் கேள்வி எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு."

பிறகு மாநிலப் போலீஸின் விசாரணைப் பிரிவுக்குப் போன் செய்தார். டுவேனின் பெயர், பிறந்த தேதி எல்லாம் சொன்னார். எதிர்முனையில் வெகு நேரம் சங்கீதம் கேட்டது. கடைசியில், இவர் விஷயம் ஆராய்ச்சியில் இருக்கிறது, பதில் வரும் வரை காத்திருக்கவும் என்றார்கள். அதுவரை ரிவால்வர் மெர்வினின் இரும்புப் பெட்டியில் இருக்கும். அவர் அதை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டியதைப் பார்த்ததும் வெர்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவங்க மெதுவா ஆராயட்டும் மெர்வின். அவசரமே இல்ல" என்றாள்.

அவள் நிம்மதியாகத் தூங்கிய நாட்கள் அவை. எமிலுக்குப் பிடித்த முட்டைக்கோஸ் சுருட்டல் செய்து போட்டாள். துப்பாக்கி எங்கே என்று எமில் கேட்கும்போதெல்லாம், மெர்வின் கடையில் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னாள். அங்கே இருந்தால் சரிதான் என்று எமிலும் விட்டுவிட்டார்.

பதில் வந்தது. டுவேன் ஃபெட்டரோல்ஃப் கைத்துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவர். பக்கத்து மாவட்டத்தில் ஒரு டுவேன் ஃபெட்டரோல்ஃப், தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் மச்சினனின் தாடையைப் பெயர்த்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் ஃபெட்டரோல்ஃப் என்பவர்கள் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள், அதில் பாதிப் பேர் டுவேன்.

"எனக்கு மச்சினனே கிடையாது" என்றான் நம் டுவேன்.

"இல்லாத மச்சினனை அடிக்கலன்னு நீங்கதான் நிரூபிக்கணும். மேல்முறையீடு இருக்கு" என்றார் மெர்வின். கைத்துப்பாக்கியை நம்பி ஒப்படைக்கத் தகுதியில்லாதவன் என்று மாநிலமே அறிவித்துவிட்ட டுவேன் வீட்டுக்குப் போய், அலமாரி நிறைய இருக்கும் தன் நீளத் துப்பாக்கிகளுக்கு நடுவே உட்கார்ந்து வெகு நேரம் மனம் நொந்துகொண்டிருந்தான்.

மெர்வின் அடுத்து வெர்னாவுக்குப் போன் செய்யவில்லை. துப்பாக்கி யாருடையதோ அவருக்குத்தான் செய்ய வேண்டும், அதுதான் முறை. எமில் போனை எடுத்தார், உங்கள் பொருள் காத்திருக்கிறது என்பதைக் கேட்டார், உடனே கோட்டு மாட்டிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டார். கூட்டிக்கொண்டு போகாவிட்டால் நெடுஞ்சாலையில் நடந்தே போய்விடுவார் என்று பயந்து வெர்னா காரை எடுத்தாள்.

மெர்வின் டையோடு நின்றிருந்தார்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் வெர்னா, உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக.

"இருக்க முடியாது. நான் நடுவுல நிக்கிறவன். நடுவுல நிக்கிறவன் வச்சுக்கக் கூடாது."

"அப்ப நீங்களே வெலைக்கு வாங்கிக்குங்க. காசுகூட வேணாம்."

மெர்வின் பெருமூச்சு விட்டார். "வாங்கிக்கலாம்தான். ஆனா நீங்கதான அன்னிக்கு வந்து இவருக்குப் புத்தி நிதானம் இல்லன்னு சொன்னீங்க. புத்தி நிதானம் இல்லாதவர்கிட்ட ஒரு பொருளை வாங்கினா அந்த வியாபாரம் செல்லாது. நாளைக்கு எம்மேல கேஸ் வரும்."

"சரி. அப்ப என்ன பண்ணுவீங்க?"

"இவருக்கே திருப்பிக் கொடுத்துருவேன்."

"புத்தி நிதானம் இல்லாதவர்கிட்ட துப்பாக்கியை வாங்கக் கூடாது. ஆனா அவர் கையில கொடுக்கலாமா?"

"கொடுக்கும்போது படிவத்துல இருக்கற கேள்வி வேற. இவருக்குப் புத்தி நிதானம் இல்லன்னு ஏதாவது கோர்ட்டு சொல்லியிருக்கா?"

"கோர்ட்டு எதுக்குச் சொல்லுது? டாக்டர் சொல்லியிருக்காரு."

"படிவத்துக்கு டாக்டரைத் தெரியாது" என்றார் மெர்வின். "டாக்டர்னா யார் வேணும்னாலும் ஆயிடலாம்."

அப்படியானால் இப்போதே, இங்கேயே, உங்கள் முன்னாலேயே அண்ணனிடமிருந்து நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாள் வெர்னா. அதற்குத் தடையில்லை என்று மெர்வின் ஒப்புக்கொண்டார். அவளைக் கோட்டின் அந்தப் பக்கத்துக்கு நகரச் சொல்லிப் படிவத்தை வைத்தார். வெர்னா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். தப்பியோடவில்லை. யாரையும் கொல்லவில்லை. நாட்டைத் துறக்கவில்லை. போதைப் பொருள் பயன்படுத்துகிறவரா என்ற கேள்வியில் அவள் பேனா நின்றது.

"மெர்வின், என் முழங்கால் வலிக்கு ஒரு கஞ்சா மிட்டாய் சாப்பிடறேன். படுக்கப் போறப்ப, பாதி. அதை இங்க சொல்லணுமா? அதுக்கு மாநிலமே எனக்கு அட்டை கொடுத்திருக்கு" என்று கைப்பையைத் திறந்து அட்டையைக் காட்டினாள்.

மெர்வின் அட்டையைத் தொடவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"இதை ஏன் எங்கிட்டக் காட்டினீங்க?"

"இது சட்டப்படி கொடுத்ததுதானே?"

"மாநிலச் சட்டப்படி இது மருந்து. வாஷிங்டன் மத்திய அரசு சட்டப்படி நீங்க போதைக்காரி. என் லைசென்ஸ் வாஷிங்டன் கொடுத்தது." அவர் சுவரில் தொங்கிய லைசென்ஸைப் பார்த்துக் கொஞ்சம் தலை குனிந்தார். "இந்த ஊருக்கே மக்ரோனி போட்டவங்க நீங்க. உங்களை இப்படிப் பாப்பேன்னு நான் நெனக்கல."

வெர்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வாழ்நாளில் அவளை யாரும் அப்படிப் பேசியதில்லை. அழுகை வந்தது, இந்த ஆள் முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

எமில் இவ்வளவு நேரமும் கவுன்டரை ஆசையோடு தடவிக்கொண்டிருந்தார். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத மனிதருக்கு, கவுன்டரையும் படிவத்தையும் கண்டால் போதும், பழைய மூளை எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்ளும். டாக்டரிடம் போனாலும் இப்படித்தான். வீட்டில் வெர்னாவைப் படுத்துகிற பாட்டில் பாதியைக்கூட அங்கே காட்ட மாட்டார். துப்பாக்கியைத் திரும்பப் பெறுவதானாலும் அவரும் விசாரணைக்கு உட்பட வேண்டும் என்று மெர்வின் படிவத்தை நகர்த்தியபோது எமில் நிமிர்ந்தார். பேனாவைக் காகிதத்தின் ஓரத்தில் ஒருமுறை கிறுக்கிப் பார்த்துவிட்டு, ஓர் இடத்தில்கூட அடிக்காமல் திருத்தாமல், முத்து முத்தாக எழுதி முடித்தார்.

"அஞ்சாவது கட்டத்துல அச்சு கொஞ்சம் நகர்ந்திருக்கு. மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க" என்று ஆலோசனையும் சொன்னார்.

மெர்வினுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமான படிவத்தை நான் பாத்ததில்ல" என்றார்.

போன் போட்டார். இந்த முறை சங்கீதம் ஆரம்பிக்கக்கூட நேரமில்லை. எமில் ஸ்டோஃப்கோ, பழுதற்றவர், உடனே கொடுக்கலாம்.

மெர்வின் போனை வைத்துவிட்டு, ரிவால்வரை எடுத்துக் கொடுத்து, எமிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா வெர்னா? மூணு பேர் வந்தீங்க. ஒருத்தர் தாடையை ஒடச்சவர். ஒருத்தர் போதைக்காரி. அந்த ரெண்டு பேரையும் வடிகட்டிட்டு, யார் கையில துப்பாக்கி இருக்கலாமோ அவர் கையில கொண்டுபோய்க் கரெக்டா சேத்துருச்சு. இந்த ஏற்பாடு வேலை செய்யலன்னு யாராவது சொன்னா எங்கிட்ட அனுப்புங்க."

வடிகட்டி என்றால் வண்டலைத்தான் நிறுத்தும் என்று நான் இதுவரை நினைத்திருந்தேன். வெர்னா கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மெர்வின் இன்னொரு காரியமும் செய்தார். இந்த ஒரு சம்மதத்தில் எத்தனை கைத்துப்பாக்கி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வீணாக்க வேண்டாமே என்று எமிலைக் கண்ணாடி அலமாரிப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். எமில் ஒவ்வொன்றாகப் பார்த்து, வெள்ளைக் கைப்பிடி போட்ட ஒரு சின்ன பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தார்.

"மெர்வின், இவருக்கு விக்காதீங்க" என்றாள் வெர்னா. "புத்தி நிதானத்துல சந்தேகம்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது போனுக்கு முன்னாடி. இப்ப மாநிலமே இவரைச் சரின்னு சொல்லியாச்சு. மாநிலத்தைவிட நான் பெரிய ஆளா?"

"அப்ப சந்தேகம் தீந்துருச்சில்ல? அந்த ரிவால்வரை இப்ப நீங்க வாங்கிக்கலாமே."

மெர்வினுக்கு அது சரியான கேள்வியாகத்தான் பட்டது. எமிலிடம் திரும்பி, "விக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"விக்கிறதா?" என்றார் எமில். "இப்பத்தானய்யா கையில கொடுத்தீங்க."

ஒரு துப்பாக்கியை விற்க வந்தவள் இரண்டு துப்பாக்கியோடு வெளியே வந்தாள். எமில் காரில் உட்கார்ந்து இரண்டு பெட்டிகளையும் மடியில் அடுக்கிக்கொண்டார். நல்ல வாடிக்கையாளர் என்பதால் மெர்வின் வாசல்வரை வந்து கார்க் கதவைத் தானே சாத்தப் போனார்.

கவுன்டர் கண்ணைவிட்டு மறைந்ததும் எமிலின் மூளை வழக்கம்போலப் போய்விட்டது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவளை அன்பாகப் பார்த்தார். "ஏம்மா, உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு. என்னை எங்க தங்கச்சி வீட்டுல எறக்கி விட்டுருவீங்களா?"

"விடறேங்க" என்றாள் வெர்னா.

"இந்தச் சின்னது அவளுக்குத்தான். கொஞ்ச நாளா எவளோ ஒரு பொம்பளை வீட்டுக்குள்ள நடமாடறா. தங்கச்சி தனியா இருக்கா, பாவம். இது கையில இருந்தா தைரியமா இருப்பா."

வெர்னா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். மெர்வின் சாத்தப் போன கதவு பாதியில் நின்றது.

"என்ன சொன்னீங்க? தங்கச்சிக்கா?" என்றார் மெர்வின். அவர் குரல் மாறியிருந்தது.

"ஆமா. பரிசு."

"கூடப்பிறந்த தங்கச்சிக்கா? எங்கிட்ட வராமலா? படிவம் இல்லாமலா?"

வெர்னா மெல்லத் திரும்பி மெர்வினின் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் தன்மேல் துப்பாக்கியை நீட்டினார் என்று சொன்னபோது அசையாத முகம் அது. இப்போது வெளிறிப் போயிருந்தது. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஆமா மெர்வின்" என்றாள். "இன்னைக்கே கொடுக்கப் போறாரு. வீட்டுக்குப் போனதும், அடுப்படியில வச்சு. ஒரு கையெழுத்துகூட இல்லாம."

"நீங்க வாங்கிக்குவீங்களா?"

"அண்ணன் ஆசையாக் கொடுத்தா எப்படி வேணாம்பேன்? அந்தப் பெரிசையும் கொடுத்தாக்கூட வாங்கிக்குவேன். மிட்டாயை வேற சாப்பிட்டிருப்பேன் அந்நேரம்."

"எங்க வெர்னா கேட்டா ரெண்டையும் கொடுத்துருவேன்" என்று எமில் உறுதி சொன்னார். "எனக்கு இருக்கறது ஒரே ஒரு தங்கச்சி."

மெர்வின் காருக்குள் பாய்ந்து இரண்டு பெட்டிகளையும் பறித்துக்கொண்டார். டை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. உடன்பிறந்தவளுக்கு, வியாபாரி இல்லாமல், அதுவும் ஒன்றல்ல, இரண்டு. இப்படி ஒரு பயங்கரத்தை அவர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. விஷயத்தை மாநிலத்துக்கு அறிவிக்கப்போவதாகவும், விசாரணை முடியும் வரை இரண்டு துப்பாக்கிகளும் தன் இரும்புப் பெட்டியைவிட்டு நகராது என்றும், இனி எமில் ஸ்டோஃப்கோ என்ற பெயருக்கு இந்தக் கடையில் ஒரு மண்புழுகூடக் கிடையாது என்றும் மூச்சு வாங்க அறிவித்தார். விசாரணை முடிய எவ்வளவு நாளாகும் என்று வெர்னா கேட்டாள். இப்படிப்பட்ட விசாரணை எதுவும் இதுவரை முடிந்ததில்லை என்றார் மெர்வின்.

"மயிரிழையில தப்பிச்சீங்க" என்று வெர்னாவிடம் சொன்னார். "என் கண்ணுல மட்டும் படாம இருந்திருந்தா இந்நேரம் என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ரொம்ப நன்றி மெர்வின்" என்றாள் வெர்னா. அதை அவள் மனதாரத்தான் சொன்னாள்.

கார் நெடுஞ்சாலைக்கு வந்தது. எமில் காலியான மடியைப் பார்த்துக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் முகம் வாடிவிட்டது.

"தங்கச்சிக்கு ஒண்ணுமே வாங்கிட்டுப் போகலியே நான்" என்றார்.

"பரவால்லங்க" என்றாள் வெர்னா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க."